இருபத்தாறு சொல் ஒஸ்மோ

கறுப்பு சாசேஜ் தட்டு எல்லார் கைக்கும் போய்ச் சேர்ந்ததும் ஒஸ்மோ திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிடுவார். பின்னால் பத்துப் பேர் முதல் கடி கடிக்கிறார்கள். இவரோ தம்மெலா சந்தைத் திடலின் அந்தப் பக்கத்து மருந்துக்கடையில் என்ன விசேஷம் என்று பார்ப்பதுபோல் நிற்பார். ஒரு நிமிஷம். சில சமயம் ஒன்றரை நிமிஷம். பிறகு மெதுவாகத் திரும்புவார். அதற்குள் முகம் சுளித்தவர்கள் சுளித்து முடித்திருப்பார்கள்.

"காசு குடுத்து வந்தவங்களுக்கு முதுகையா காட்டுவாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மூஞ்சியப் பாத்துக்கிட்டே நின்னா, நல்லா இருக்குன்னு சொல்லித் தொலைக்கணும்ல," என்றார். "ரத்தம் போட்டுச் செஞ்சது. புடிக்காதவங்க நிம்மதியா முழிக்கட்டும்."

ஒஸ்மோவைப் பொறுத்தவரை இது ஒரு பெரிய பிரசங்கம். அதற்குப் பிறகு இரண்டு வாரம் என்னிடம் தலையை மட்டும் ஆட்டினார்.

இவருக்கு வேலை, ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடப்பது. சனிக்கிழமை பத்து மணிக்கு மார்க்கெட் ஹால் வாசலில் ஆட்களைச் சேர்த்து, தம்பெரே நகரத்தைக் காலால் நடத்திக் காட்டி, ஐந்து இடத்தில் சாப்பிட வைக்க வேண்டும். முதலில் அரிசிக் கஞ்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட கரேலியப் பை என்ற பண்டம். அப்புறம் ரை என்ற தானியத்தில் சுட்ட கறுப்பு ரொட்டியும் புகை போட்ட மீனும். மூன்றாவது என் கடை. மூன்றாவதாக வைத்தது அந்த நடையை நடத்தும் ஹென்னா என்ற பெண் செய்த தப்பு. என் சாசேஜைத் தின்ற பிறகு மற்றதெல்லாம் வாயில் நிற்காது என்பது இந்தத் திடலில் கடை போட்டிருக்கும் எல்லாருக்கும் தெரியும். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஒஸ்மோவுக்கு வயது அறுபத்தேழு. ஆள் உயரம், கொஞ்சம் முன்னால் சாய்ந்த உடம்பு. முப்பத்தொரு வருஷம் ஹெர்வந்தா புறநகருக்கு பஸ் ஓட்டினவர். அந்தப் பழக்கம் போகவில்லை. தெருமுனை வந்ததும், ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டார்களா என்று பார்க்கத் தலையைத் தூக்கி வலப்பக்க மேல் மூலையைப் பார்ப்பார். அங்கே கண்ணாடி இருக்காது, வானம்தான் இருக்கும். ஒரு கணம் அந்த வானத்தையே பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஞாபகம் வந்து கழுத்தைத் திருப்புவார். கூட்டத்தில் யார் மெதுவாக நடக்கிறாரோ அவருடைய நடைதான் அன்றைக்கு ஒஸ்மோவின் நடை. கோட்டுப் பையில் நாலு ஜோடி கம்பளிக் கையுறை வைத்திருப்பார். தட்டைப் பிடித்து விரல் விறைத்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பார். கொடுக்கும்போதும் வாய் திறக்க மாட்டார்.

என் கடையில் அவர் பேசுவது இவ்வளவுதான்: "சூடா இருக்கு. பாலோட." சாசேஜை ஒரு டம்ளர் குளிர்ந்த பாலோடு சாப்பிட வேண்டும் என்று அர்த்தம். யாராவது "ஒரு அரை கிலோ குடுங்க" என்று கேட்டுவிட்டால் கூடுதலாக மூன்று சொல் வரும்: "எடை இல்ல. யூரோ." எங்கள் ஊரில் கறுப்பு சாசேஜை எடை சொல்லியோ துண்டு சொல்லியோ கேட்பது வெளியூர்க்காரன் வேலை. மூன்று யூரோவுக்கு என்று கேட்டால் கையளவில் வெட்டிக் கொடுப்பேன். என் கை ஐந்து கிராம்கூடத் தவறாது. நம்பாதவர்கள் தராசு கொண்டு வரலாம்.

நடையின் கடைசியில், குன்றின் மேல் முங்க்கி என்ற சர்க்கரை வடையைத் தின்று காபி குடித்து முடிந்ததும், "அவ்வளவுதான்" என்று சொல்லித் தொப்பியைத் தொடுவார். போய்விடுவார்.

இப்படிப்பட்ட ஆளை யார் இந்த வேலையில் வைத்தது என்று கேட்கலாம். வைத்தவள் ஹென்னா. பஸ் ஓட்டினவருக்கு ஊர் தெரியும் என்று நினைத்தாள். தெரியும்தான். ஆனால் பஸ்ஸில், 'ஓட்டுநரோடு பேசாதீர்கள்' என்று எழுதியிருந்ததே. "முப்பத்தொரு வருஷம் அந்தப் பலகை என் தலைக்கு மேல தொங்குச்சு," என்றார் ஒஸ்மோ. "நானும் அதுக்கு ஒத்துக்கிட்டேன்."

வந்து போனவர்கள் கம்ப்யூட்டரில் எழுத ஆரம்பித்தார்கள். ஹென்னா ஒரு வியாழக்கிழமை மத்தியானம் என் கடைக்கு வந்து, போனை நீட்டி வாசித்துக் காட்டினாள். 'வழிகாட்டி பேசவே இல்லை. நாங்கள் ஏதாவது தவறு செய்துவிட்டோமா?' என்று ஒருத்தர். 'இரண்டரை மணி நேரத்தில் இருபத்தாறு சொல். என் கணவர் எண்ணினார்' என்று இன்னொரு அம்மாள்.

"சாப்பாடு எப்படின்னு எழுதலையா?" என்று கேட்டேன்.

"அருமைன்னு எழுதியிருக்காங்க. அதுவா இப்ப விஷயம்? பென்ட்டி, சனிக்கிழமை துர்க்குவிலேருந்து ஒரு பயணக் கம்பெனிக்காரர் வரார். அவருக்குப் புடிச்சிருந்தா கோடை முழுக்க வாரம் மூணு பஸ் அனுப்புவார். எல்லாம் ஓய்வு பெத்தவங்க. ஒஸ்மோ இப்படியே ஊமையா நின்னா, நான் வேற ஆளப் போட்டுருவேன். எனக்கும் வேற வழியில்ல."

அவள் கெட்டவள் இல்லை. ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒஸ்மோவுக்காக ஏழு பக்கம் எழுதியிருந்தாள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு கதை. என் கடைக்கு எழுதினது நான் சொன்ன கதைதான். என் கொள்ளுத்தாத்தா இந்தத் திடலிலேயே சாசேஜ் கடை வைத்திருந்தார், கடை தீப்பிடித்தபோது செய்முறைச் சீட்டை மட்டும் பூட்ஸுக்குள் ஒளித்து எடுத்து வந்தார், அதுதான் இன்றைக்கும் நீங்கள் தின்பது. போன வருஷம் அவள் கேட்டபோது, சும்மா எடுத்துவிட்டேன். சரக்கோடு ஒரு கதையையும் சேர்த்துக் கொடுத்தால் வாங்குகிறவனுக்கு ருசி கூடும். இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தர மாட்டார்கள். நான் அங்கே ஏழு வருஷம்தான் போனேன், அதிலும் பாதி நாள் விறகுக் காட்டில்.

மறுநாள் ஒஸ்மோ கடைக்கு வந்தார். ஏழு பக்கத்தையும் மனப்பாடம் செய்திருந்தார். ஒப்பித்துக் காட்டினார். பஸ்ஸில் அடுத்த நிறுத்தம் சொல்வார்களே, அதே குரல்.

"பென்ட்டியின் கொள்ளுத்தாத்தா. தீ. பூட்ஸ்."

"யோவ், மூணு நிறுத்தமா அது? கொஞ்சம் உயிர் குடுத்துச் சொல்லுய்யா."

நான் சாசேஜைத் திருப்பிப் போட்டேன்.

"ஏன்யா இந்தப் பாடு? ஓய்வூதியம் வருது. இது போனா வீட்ல இருந்துக்க வேண்டியதுதானே?"

பால் டம்ளரைக் கையில் எடுத்தார். "ஓய்வு பெத்த வருஷம், அக்டோபர்லேருந்து பிப்ரவரி வரைக்கும் யாரோடவும் பேசல. அது பரவால்ல. எப்பவும் அப்படித்தான். ஆனா முப்பத்தொரு வருஷமா முதுகுக்குப் பின்னாடி நாப்பது பேர் மூச்சு விட்டுக்கிட்டு இருந்தாங்க. அது திடீர்னு நின்னு போச்சு." டம்ளரைக் காலி செய்து வைத்தார். "இந்த நடைல மறுபடியும் இருக்கு. பத்துப் பேர்தான். போதும்."

கிளம்பப் போனவர் நின்றார்.

"பென்ட்டி. உங்க கொள்ளுத்தாத்தா கடை வெச்சிருந்தாரா?"

"எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு பூட்ஸே கிடையாதுய்யா."

"அப்ப இந்தக் கடை?"

"நானா நின்னு உண்டாக்கினது. திடலுக்கே தெரியுமே!"

"அத ஏன் அவருக்குத் தூக்கிக் குடுத்த?"

கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு ஒரு தட்டு சாசேஜ் ஒரு பக்கம் கருகிப்போனது. இத்தனை வருஷத்தில் அது இரண்டாவது தடவை.

சனிக்கிழமை. மே மாதம் பிறந்தும் ஈரப்பனி அடித்துக்கொண்டிருந்தது. ஒஸ்மோ முன்னால், பின்னால் ஒன்பது பேர், கடைசியில் ஹென்னா. அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், முதல் இரண்டு இடத்திலும் பேச்சு வண்டி சரியாக ஓடவில்லை. துர்க்குக்காரர் பெயர் ஹேய்மோ. தொப்பையும் சிவந்த காதுமாக இருந்தார். எங்கள் ஊருக்கும் துர்க்குவுக்கும் ஆகாது. எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியாது, ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை.

"இதானா அது?" என்றார் ஹேய்மோ, தட்டைப் பார்த்து. "எங்க ஊர்ல இத ரோடு போட எடுத்துக்குவோம்."

"அதான் உங்க ஊர் ரோட்ட நாய் நக்குதா?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். ஹென்னா சிரிக்கவில்லை. ஒஸ்மோவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

ஒஸ்மோ தொண்டையைச் செருமினார். இந்த முறை அவர் திரும்பி நிற்கவில்லை. கூட்டத்தை நேராகப் பார்த்து நின்றார். காது மடல் வெளுத்திருந்தது. குளிரால் மட்டும் அது அப்படி வெளுக்காது. "பென்ட்டியின் கொள்ளுத்தாத்தா..." என்று ஆரம்பித்தார். நின்றார். என்னைப் பார்க்கவில்லை, சாசேஜையும் பார்க்கவில்லை. தலை தூக்கி வலப்பக்க மேல் மூலையைப் பார்த்தார். அங்கே பனி மட்டும் விழுந்துகொண்டிருந்தது. "கொள்ளுத்தாத்தா," என்றார் மறுபடி. பொய்யை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் ஒரு பெரிய மனுஷன் நிற்பதை நான் பார்த்திருக்கவே கூடாது. அதுவும் என்னுடைய பொய்.

"நிறுத்துய்யா!" என்றேன். "கொள்ளுத்தாத்தாவும் இல்ல, பூட்ஸும் இல்ல. அது நான் விட்ட கதை. ஹென்னா, உன்மேல தப்பில்லம்மா, நான்தான் அளந்தேன். இந்த ஆளுக்குப் பொய் சொல்ல வராது. உண்மைய நான் சொல்றேன், கேளுங்க."

சொன்னேன். பதினைந்து வயதில் விர்ரத் கிராமத்திலிருந்து அட்டைப் பெட்டியோடு வந்தது. பஞ்சாலையில் நூல் பெட்டி தள்ளியது. விடியலில் இந்தத் திடலில் சாசேஜ் விற்ற ஒரு கிழவனுக்கு மூட்டை இறக்கி, அவன் கையைப் பார்த்தே தொழிலைத் திருடியது. முதல் நாள் ஒரு தட்டு முழுக்கக் கருக்கிவிட்டு, 'இது புதுவகை' என்று கத்தி அத்தனையையும் விற்றது. ஒரு குளிர்காலம் பால் கல்லாக உறைந்துபோக, அதை உடைத்து உடைத்து டம்ளரில் போட்டுக் கொடுத்தது.

"பாலை உடைச்சா?" என்றார் ஹேய்மோ.

"சுத்தியலால."

"இதுவும் கதைதானே?"

"ஒஸ்மோவக் கேளுங்க. அவர் பொய் சொன்னா உங்களுக்கே தெரிஞ்சிடும். இப்பத்தான பாத்தீங்க."

பத்துத் தலையும் ஒஸ்மோ பக்கம் திரும்பின. அவர் கொஞ்சம் யோசித்தார்.

"பஸ்ஸ நிறுத்தி வாங்கிக் கடிச்சேன்," என்றார். "பல்லு வலிச்சுது."

ஹேய்மோ தொப்பை குலுங்கச் சிரித்தார். கூட்டமும் சேர்ந்துகொண்டது. ஒருத்தி, "அப்புறம்?" என்றாள். அப்புறத்துக்கு என்னிடம் என்ன பஞ்சம்? தொடர்ந்தேன். ஹென்னா கடை ஓரமாக வந்து என் காதருகே குனிந்தாள்.

"ஒவ்வொரு தடவையும் இப்படிப் பேசுவீங்களா?"

"ஒவ்வொரு தடவையும் வேற வேற பேசுவேன். வேணும்னா நில்லு, இன்னும் நாப்பது வருஷம் பாக்கி இருக்கு."

"மத்த கடைக்காரங்க?"

"பேச விட்டாப் போதும். நிறுத்துறதுதான் கஷ்டம்."

கையிலிருந்த ஏழு பக்கத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். "அப்ப ஒஸ்மோ நடத்திக் கூட்டிட்டு வரட்டும்," என்றாள். ஹேய்மோ வாய் நிறைய வைத்துக்கொண்டு, "எங்க கிழங்களுக்கு அவரே போதும்," என்றார். "பேசறதுக்கு நாங்க இருக்கோம். மெதுவா நடக்கத்தான் ஆள் வேணும். இன்னும் மூணு யூரோவுக்குப் போடுங்க."

நான் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டேன். பஞ்சாலை மேஸ்திரியைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு இரண்டு கையும் வேண்டும்; இடுக்கியையும் சேர்த்து ஆட்டிக்கொண்டிருந்தேன். அடுப்புத் தட்டில் சாசேஜ் சீறுவது காதில் விழவில்லை. கடையின் பக்கவாட்டுக் கதவு திறந்தது. ஒஸ்மோ உள்ளே வந்தார். ஈரத் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பனி உருகின தண்ணீரைக் கையிலிருந்து துடைத்துக்கொண்டார். நான் பேச்சை நிறுத்தவில்லை, அவரும் நிறுத்தச் சொல்லவில்லை. என் பெண்டாட்டிக்குக்கூட நான் கொடுக்காத அந்த இடுக்கியை, என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து, கையிலிருந்து வாங்கிக்கொண்டு, சாசேஜைத் திருப்பிப் போட ஆரம்பித்தார்.