நான் வாயசைத்த பாட்டு

அந்தப் பாட்டு இன்னும் சாகவில்லை. போன கிழமைகூட வியா மக்வேதா தெருவில் ஒரு செருப்புக்கடை றேடியோவில் போய்க்கொண்டிருந்தது. எண்பதுகளில் இத்தாலிக்காரர் ஆங்கிலத்தில் போட்ட ஆட்டப் பாட்டு. டும் டும் என்று மின்மேளம் அடிக்க, ஒரு பெண் குரல் அதன்மேல் ஏறி நிற்கும். இந்தப் பலெர்மோ நகரத்தில் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களின் கல்யாணம், முதல்நன்மை, பிறந்தநாள் எதுவானாலும், பைலா ஆட்டம் முடிந்த கையோடு மாமா அதைப் போட்டுவிடுவார். மாமா அம்மாவின் தம்பி. கிழமை நாட்களில் ஒரு வீட்டில் சமையல் வேலை. சனி, ஞாயிறில் சவுண்ட் பொக்ஸும் மைக்கும் வயருமாகத் திரிவார். பழைய சந்தையில் அவர் எடுத்து வைத்திருந்த இசைத்தட்டின் உறையில், தோளில் பஞ்சு வைத்த சட்டையும் ஊதிப் பெருத்த பொன்னிறத் தலைமுடியுமாக ஒரு பெண் நிற்பாள். ஒன்பது வயதில் எனக்கு மாதாவுக்கு அடுத்தபடி அவள்தான்.

அப்போது சீசா என்கிற பகுதியில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான். அத்தோடு மன்னாரிலிருந்து வந்து சேர்ந்த பெரியம்மாவும் அவருடைய மகளும். பெரியம்மாவுக்கு ஒரு வேலையும் பெர்மெஸோ என்கிற வதிவிட அனுமதியும் கிடைக்கும்வரை எங்களோடு இருப்பது என்று ஏற்பாடு. எனக்கு அக்கா முறையான அவளுக்குப் பதின்மூன்று வயது. சோபாவில் படுப்பாள். மற்றவர்கள் எழும்ப முன்னரே போர்வையை மடித்து, அங்கே ஒருவரும் படுக்கவில்லை என்பதுபோல் ஆக்கிவிடுவாள். நல்ல துப்புரவான பிள்ளை என்று நினைத்திருந்தேன்.

அம்மா லிபெர்த்தா தெருவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு இத்தாலிய அம்மாளின், வீட்டில் வேலை செய்தார். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப் போவார். சிஞ்ஞோராவுக்கு அறுபது தாண்டியிருக்கும். நீண்ட மூக்கு. தொண்டையில் அறுவைச் சிகிச்சை செய்த தழும்பு. வாயைத் திறந்தால் குரலைவிடக் காற்றுத்தான் கூட வரும். ஒருநாள் அம்மா அயன் பண்ணிக்கொண்டிருக்கும்போது றேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. நான் ஆடத் தொடங்கினேன். சிஞ்ஞோரா வாசலில் நின்று கடைசிவரை பார்த்தார். முடிந்ததும், இது நான் பாடியது என்றார்.

“ஓம் எண்டு தலையாட்டு. பாவம், தனிய இருக்கிற மனுசி” என்று அம்மா என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, அவரிடம் இத்தாலியனில் வாயாரப் பாராட்டினார்.

சிஞ்ஞோராவுக்குப் பாராட்டின் தரம் விளங்கியிருக்க வேண்டும். உள்ளே போய் ஒரு பழுத்த தாளோடு வந்தார். பாட்டின் ஆங்கிலச் சொற்கள் முழுவதும் அதில் இத்தாலிய எழுத்துக்கூட்டலில் இருந்தன. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. இசையமைத்தவர் அப்படி எழுதிக் கொடுத்தாராம். இத்தாலியரின் வாயில் ‘ஹ’ நிற்காது. பசியைச் சொல்லும் ‘ஹங்ரி’ தாளில் ‘ஆங்ரி’ ஆகியிருந்தது. ஆகவே காதலுக்குப் பசித்திருக்க வேண்டிய பெண் பாட்டு முழுக்கக் கோபத்தோடு இருந்தாள். யாரும் திருத்தவில்லை. பாதி ஐரோப்பா அந்தக் கோபத்துக்கு ஆடியது. தொலைக்காட்சியில் பொன்னிறத் தலைமுடிக்காரியும் பிசகாமல் ‘ஆங்ரி’ என்றே வாயசைத்தாள்.

நீங்களே ஏன் தொலைக்காட்சிக்குப் போகவில்லை என்று கேட்டேன். இந்தப் பாட்டுக்கு உன் முகம் சரிவராது என்று சொல்லிவிட்டார்கள் என்றார். உறையில் அவருடைய பெயரைக்கூடப் போடவில்லையாம். நான் அவருடைய முகத்தை நன்றாகப் பார்த்தேன். சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று பட்டது.

அந்த வருடம் மாதா திருநாளுக்கு எங்கள் தமிழ்ப் பாதர் தானே ஒரு பாட்டு எழுதியிருந்தார். ஒரு பிள்ளை முன்னால் நின்று தனியே பாட வேண்டும். குரல் இருந்தது அக்காவிடம். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டு பாடினால் பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் தன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார். ஆனால் அக்கா கறுப்பு, நெட்டை. இன்றைக்கு மழை என்பதுபோல எங்கள் வீட்டில் அதைச் சொல்வார்கள். நான் வடிவான பிள்ளை. வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பும் யோசனையும் இருந்ததால், அம்மாவும் கோயில் அன்ரிமாரும் என்னைத் தெரிவு செய்தார்கள். “ஓமோம், சின்னவள்தான் பொருத்தம்” என்று முதல் ஆளாகச் சொன்னவர் பெரியம்மா.

எனக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. அம்மா பாட்டை இத்தாலிய எழுத்தில் எழுதித் தந்தார். இத்தாலியனில் ழ இல்லை, ள இல்லை. இருப்பது ஒரேயொரு ல. ஒத்திகையில் நான் கண்ணை மூடி, ‘வலி காட்டும் அம்மா’ என்று உருகிப் பாடினேன்.

“பிள்ளை, மாதாவிட்டை வழியைக் கேளம்மா. வலி எங்களிட்டையே காணுமான அளவு கிடக்கு” என்றார் பாதர்.

பத்துத் தரம் திருத்தினார். பத்துத் தரமும் வலிதான் வந்தது. திருநாளுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. மாமாவுக்கு மூளை வேலை செய்தது அப்போதுதான். அக்கா தூணுக்குப் பின்னால் ஒரு மைக்கில் பாடுவாள்; நான் முன்னால் நின்று செத்த மைக் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாயசைப்பேன். பாதருக்குச் சொல்லத் தேவையில்லை.

“ஒருத்தருக்கும் விளங்காது. பெரிய பெரிய ஆக்களே இப்பிடித்தான் செய்யினம்” என்றார் மாமா. அக்காவிடம் விருப்பம் கேட்கவில்லை. தூணடியில் நில் என்றார். அக்கா “ஓம் மாமா” என்றாள்.

நான் அம்மாவை நச்சரித்து சிஞ்ஞோராவையும் அழைக்க வைத்தேன். தாளைக் கண்ட பிறகு அவர்தான் அசல் பாடகி என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அப்படிப்பட்டவர் என்னைப் பார்த்து மெச்ச வேண்டும். இந்த ஆசையில் இருந்த கோளாறு என் மண்டையில் ஏறவே இல்லை.

திருநாளன்று எல்லாம் பிரமாதமாகப் போனது. வெள்ளைச் சட்டையும் தலையில் பூவளையமுமாக நின்று கைகளை விரித்தேன், கண்களை உயர்த்தினேன், உறைப் பெண்ணைப்போல் தலையைச் சரித்தேன். வழி வழியாகவே வந்தது. பலர் அழுதார்கள். பாதர் பிரமித்துப்போய் என்னைப் பார்த்தார். மாதா ஏதோ புதுமை செய்துவிட்டதாக நினைத்திருப்பார். மூன்றாவது வரிசை வாங்கில் இருந்த சிஞ்ஞோரா மட்டும் என் நெஞ்சையும் தோளையும் பார்த்தார். பாட்டு மூச்செடுத்த இடங்களில் நான் மூச்செடுக்கவில்லை. பிறகு மெல்லத் தலையைத் திருப்பித் தூணைப் பார்த்தார். அதன்பின் என் பக்கம் திரும்பவேயில்லை.

பூசை முடிந்ததும் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டு கன்னத்தைக் கிள்ளினார்கள். சிஞ்ஞோரா என்னைக் கடந்து போனார். தூணுக்குப் பின்னால் வயர் சுற்றிக்கொண்டிருந்த அக்காவிடம் பெயரைக் கேட்டார். அக்கா பயந்து மெல்லச் சொன்னாள். அவருடைய நாக்குக்குப் பழக்கமில்லாத பெயர். சரியாக வரும்வரை நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு அவளைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து நான் நின்ற இடத்தில் நிறுத்தி, மைக்கைப் போடும்படி மாமாவிடம் சொன்னார்.

மாமா அம்மாவைப் பார்த்தார். வேலை தருகிற சிஞ்ஞோராவுக்கு இல்லை என்று சொல்லி அம்மாவுக்குப் பழக்கமில்லை. தலையாட்டினார். மாமா மைக்கைப் போட்டார்.

முதல் இரண்டு அடிகளையும் அக்கா நிலத்தைப் பார்த்துப் பாடினாள். மூன்றாவது அடியில் அவள் தலை நிமிர்ந்தது. வாசலில் கதைத்துக்கொண்டு நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே திரும்பினார்கள். எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பெரியம்மா, மகள் பாடுவதைப் பார்க்காமல், வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் நான்தான் தொடங்கினேன்.

“அக்கா என்ரை பாட்டைப் பறிச்சுப்போட்டா!”

அது பொய்யழுகை இல்லை. அது என் பாட்டு என்றே மனதார நம்பினேன். கையை விரித்தது நான். கன்னத்தைக் கிள்ளியதும் எனக்குத்தான். அந்தப் பொன்னிறத் தலைமுடிக்காரியும் இப்படித்தான் நம்பியிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.

அம்மா என்னை அதட்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா அக்காவின் விலாவில் முழங்கையால் இடித்தார். அக்கா எழும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பஸ்ஸில் என்னிடம் வந்து குனிந்தாள்.

“அழாதை. அது உன்ரை பாட்டுத்தான். நான் இனிப் பாடமாட்டன்.”

நான் பெரிய மனதோடு அவளை மன்னித்தேன்.

அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அதன்பிறகு ஒன்றரை வருடம் எங்களோடு இருந்தார்கள். அவள் ஒரு வரிகூடப் பாடவில்லை. அடுத்த திருநாளுக்குப் பாதர் வீட்டுக்கே வந்து கேட்டார். அக்கா அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பெரியம்மா, இவளுக்குத் தொண்டை சரியில்லை பாதர் என்றார். அடுத்தவர் வீட்டில் ஒதுங்கியிருக்கும் பிள்ளைக்குக் குரலைவிடக் கூரை முக்கியம் என்பது சொந்தக் கட்டிலில் படுத்த எனக்கு எப்படி விளங்கும்? அதை நினைக்கும்போதெல்லாம் இப்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு, எங்கள் அக்காவுக்குச் சரியான தலைக்கனம், பாதர் கேட்டும் பாடவில்லை என்று பள்ளியில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.