கையில் காய்ந்த ரப்பர் பால்

ஒரு காலத்தில் பலரும் ஒளித்து வைத்துப் படித்த ஆங்கில நாவல் அது. மணமான ஒருத்திக்கும் அவள் கணவனல்லாத ஒருவனுக்கும் இடையிலான மோகம்தான் கதை. ஈப்போவில் குறும்படம் எடுக்கும் இளம் இயக்குநர் ஒருத்தி, அதை ரப்பர் தோட்டத்துக்கு மாற்றித் தொலைக்காட்சிப் படமாக எழுதித் தரச் சொன்னபோது, ஓய்வு பெற்ற தமிழாசிரியனான எனக்குத் தலைகால் புரியவில்லை. தோட்டத்துக் கணக்கரான கிராணியின் மனைவி, மரத்தில் பால் வெட்டுகிறவன் என்று ஆட்களை மாற்றினேன். முத்தத்துக்குக்கூட இடமில்லை என்று தொலைக்காட்சியில் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அதனால் மோகத்தையெல்லாம் வசனத்தில் கொட்டினேன். மூன்று பக்கம். கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

நாயகியாக வந்தவள் ஒரு கிளினிக்கில் வேலை பார்ப்பவள், நாற்பதைத் தாண்டியவள். அவளும் அவள் கணவரும் கோப்பெங் பக்கம் ஒரே தோட்டத்தில் பால் வெட்டும்போது காதலித்துக் கல்யாணம் செய்தவர்கள். தோட்டம் கைமாறிய பிறகு அவர் லோரி ஓட்டுகிறார். நடிக்கத் தடை சொல்லவில்லை. ஆனால் காதல் காட்சியை மட்டும் நேரில் பார்ப்பேன், பிடிக்காவிட்டால் அவளை அழைத்துக்கொண்டு போய்விடுவேன் என்றிருந்தார். பாதிப் படம் முடிந்திருந்தது. அவள் போனால் எல்லாம் போச்சு.

எண்ணெய்க்காக நட்ட செம்பனைகளுக்கு நடுவே மிஞ்சியிருந்த நாலு வரிசை ரப்பர் மரங்களுக்கடியில் காலை ஒன்பது மணிக்குப் படப்பிடிப்பு. கணவர் கேமராவுக்குப் பின்னால் கைகட்டி நின்றார். அவள் என் தாள்களைப் புரட்டினாள்.

“சார், கோவிச்சுக்காதீங்க. இவ்ளோ பேசுனா ஆச எங்க லா இருக்கும்?”

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவனிடம் கேட்கிற கேள்வியா இது!

நாயகனின் முன்கையில், ஒப்பனைக்காகப் பூசிய ரப்பர் பால் காய்ந்து தோலோடு ஒட்டியிருந்தது. கேமரா ஓடியது. அவள் எதுவும் பேசாமல் அந்தக் கையை மடியில் இழுத்து வைத்து, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, மெல்ல உரிக்க ஆரம்பித்தாள். முடி இழுபட்டு அவன் முகம் சுளித்தபோது நிறுத்தினாள். அவனைப் பார்த்தாள். வலித்த இடத்தில் ஊதிவிட்டு மறுபடி உரித்தாள். அவ்வளவுதான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்த வயதில் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. நாவலில் பக்கம் பக்கமாக இருந்ததை அவள் இரண்டு விரலால் செய்து முடித்துவிட்டாள். அப்படி ஒரு நடிப்பை நான் பார்த்ததே இல்லை.

வேறு பக்கமிருந்து இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்றாள் இயக்குநர். நாங்கள் எல்லோரும் கணவரைத்தான் பார்த்தோம். அவர் முகம் இறுகியிருந்தது. கார் நின்ற பக்கம் நடந்தார். அவர் மனைவி எழுந்து நின்றாள். நான் மனதுக்குள் படத்துக்குக் கருமாதியே செய்துவிட்டேன்.

ஒப்பனைக்காரப் பெண் நாயகன் கையில் மறுபடி பால் பூசத் தொடங்கியிருந்தாள். பாதி வழியில் அதைத் திரும்பிப் பார்த்த கணவர் விறுவிறுவென்று வந்தார். பால் இருந்த மங்குக் கிண்ணத்தை அவளிடமிருந்து வாங்கினார். நாயகன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பூசியதைத் துடைத்துவிட்டு, தன் விரலாலேயே புதிதாகப் பூசினார்.

“இவ்ளோ கெட்டியா போட்டா ஒரே இழுப்புல வந்துரும் லா தம்பி. மெல்லிசா போடணும். அப்பத்தான் ரொம்ப நேரம் உரிக்கலாம்.”

அவர் மனைவி பக்கம் திரும்பவே இல்லை. அவள்தான் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேமரா முன்னால் பார்த்த அதே பார்வை.