சனிக்கிழமை எண்ணெய்

எங்கள் வீட்டில் சனிக்கிழமைதோறும் இரண்டு பேருக்கு எண்ணெய் உண்டு. ஒன்று அப்பாவின் தலைக்கு, இன்னொன்று எங்கள் பழைய காருக்கு. எண்ணெய்க் குளியல் முடித்த சிவந்த கண்களோடு அப்பா ஃப்ரீமான்ட் அபார்ட்மென்ட்டின் பார்க்கிங்குக்குப் போவார். பானெட்டைத் தூக்கி இன்ஜின் ஆயிலைத் தாராளமாகச் சாய்ப்பார். அளவு பார்ப்பதெல்லாம் கிடையாது. எண்ணெயில் போய்க் கஞ்சத்தனமா என்பது அவர் கட்சி. பெட்ரோலும் அப்படித்தான், இருப்பதிலேயே உசத்தியான பிரீமியம்தான் போடுவார். பிள்ளைக்கு நெய் ஊற்றிச் சோறு போட்ட திருப்தி முகத்தில் தெரியும்.

இப்படிச் சீராட்டிய கார், எனக்கு ஒன்பது வயதானபோது நீலப் புகை கக்க ஆரம்பித்தது. இன்ஜின் ஆயுசு முடிந்தது, வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று அப்பா முடிவு கட்டினார். அவருக்கென்ன, மில்பிடாஸ் ஆபீசுக்குப் போகப் புதுக் கார் வந்துவிட்டது. பழையது அம்மாவுக்கு என்று பேச்சு. அவள் அப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். அதுவும் போய்விட்டால் பகலெல்லாம் நாலு சுவருக்குள்தான். அம்மா கோயமுத்தூரில் மோட்டார் பம்ப் கம்பெனியில் இன்ஜினியராக இருந்தவள். இங்கே அவள் விசாவுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. இதெல்லாம் எனக்கும் தெரியும், பாடத்தில் படித்த சங்கதி தெரிகிற மாதிரி.

"ஒரு வாரம் பொறுங்க" என்றாள் அம்மா. "வர்ற சனிக்கிழமை இதே வண்டியில லிவர்மோர் கோயிலுக்குப் போறோம். மேடு ஏறலைன்னா வித்துப்போடுங்க."

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் பழைய சுடிதாரை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தாள். எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி எங்கேயோ நின்றது. இன்ஜின் தேய்ந்து வந்த புகை இல்லை, எண்ணெய் கூடிப்போய் வந்த புகை. பாவம், மூச்சு முட்ட ஊட்டியிருக்கிறார் என்று முணுமுணுத்துவிட்டுக் காருக்கு அடியில் நுழைந்தாள். எனக்கு மானம் போயிற்று. ஸ்கூல் சிநேகிதி யாராவது பார்த்துத் தொலைத்தால்? "அம்மா, ப்ளீஸ், கெட் அப்" என்று கெஞ்சினேன். காதிலேயே வாங்கவில்லை.

அடியில் இருந்த போல்ட் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. ஸ்பேனர் நழுவி அவள் விரல்முட்டியில் தோல் உரிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி பிடித்தாள். மறுபடி நழுவியது. விடுவாளா? கடைசியில் போல்ட்தான் விட்டுக்கொடுத்தது. இட்லி மாவு கரைக்கிற பேசினில் கருகருவென்று எண்ணெய் இறங்கியது. அந்த வாரம் முழுக்க அவளுக்கு அதே வேலை. ஃபில்டரை மாற்றினாள், கரி பிடித்த பிளக்குகளைத் தேய்த்தெடுத்தாள், புது ஆயிலை ஊற்றி ஊற்றிப் பார்த்துக் கோட்டோடு நிறுத்தினாள். பெட்ரோல் ரெகுலரே போதும், பிரீமியம் போட்டால் பெருமை நமக்குத்தான், வண்டிக்கு இல்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை அம்மாதான் ஓட்டினாள். மேட்டில் கார் ஏற ஏற அப்பா கழுத்தைத் திருப்பித் திருப்பிப் புகையைத் தேடினார். ஒரு இழைகூட இல்லை. கோயில் வாசலில் இறங்கியதும், இனி எண்ணெய் தனக்கு மட்டும்தானா என்று பரிதாபமாகக் கேட்டார்.

"ஆமாங்க. அதையும் நானே அளந்து ஊத்தறேன்."

பிரசாதம் வாங்க நீட்டிய அம்மாவின் கையைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. எனக்கு வெட்கமாக இருந்தது. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று இங்கிலீஷில் கிசுகிசுத்தேன். அம்மா விரல்களை விரித்து, யாரோ தெரிந்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இருக்கட்டும் கண்ணு" என்றாள். "எத்தனை வருஷமாச்சு."

அழுக்குக்கு ஏது வருஷக் கணக்கு என்று நான் யோசிக்கவில்லை. புளியோதரை தீர்ந்துவிடுமோ என்ற கவலை எனக்கு.