நாறாத மருந்து

எங்கள் கரிசல் பக்கம் பயிருக்கு அடிக்கிற விஷத்துக்கு மருந்து என்று பெயர். நல்ல மருந்துக்கு ஒரே அடையாளம், அது நாற வேண்டும். அடித்தவனுக்குத் தலை சுற்ற வேண்டும், பக்கத்துக் காட்டுக்காரன் மூக்கைப் பொத்த வேண்டும்.

என் மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கிக் குருத்தையெல்லாம் சல்லடையாக்கியபோது, கோவில்பட்டி உரக்கடைக்காரர் ஒரு பொடியைத் தந்தார். பாக்டீரியாவில் இருந்து வருகிற மருந்தாம். மைதா மாதிரி இருந்தது. லேசாகப் புளித்த மாவு வாசம். கடலைமிட்டாயைக்கூட ஒரு விள்ளல் வாயில் போட்டுப் பார்த்துத்தான் நம்புகிறவன் நான். விரலில் தொட்டு நக்கினேன். மைதாவேதான் என்று முடிவு கட்டி, வேறு வழியில்லாமல் சாயங்காலம் அடித்தேன்.

மறுநாள் குருத்தைப் பிரித்தால் புழு உயிரோடு என்னையே பார்த்தது. இந்தச் சோளமும் போனால் இந்த வருஷ வெள்ளாமையே போச்சு. ஒரு புழுவை ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு, பசிக்குமே என்று பச்சை இலை ஒன்றும் வைத்து, சாட்சியோடு பஸ் ஏறினேன்.

"பாத்தியளா அண்ணாச்சி, உசுரோட கெடக்கு! மாவ வித்திருக்கிய."

கடைக்காரர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தார். "புழு கெடக்கட்டும். நீங்க வச்ச எல எங்கன கடிபட்டிருக்கு?"

இலை முழுசாக இருந்தது.

"இந்த மருந்து பூட்டிக் கெடக்க புரதம். புழு குடல்ல சுண்ணாம்பு மாதிரி காரம். அதுல கரையும். பொறவு புழு சோறு செரிக்க வச்சிருக்க கத்திரி இருக்குல்லா, அதுவே பூட்டை வெட்டித் தெறந்துவிட்டுரும். தெறந்த துண்டு குடல்ல ஒட்டிக்கிட்டு ஓட்டை போடும். மொதல்ல வாய் கட்டும், ரெண்டு மூணு நாள்ல உசுரு போவும்."

நான் வயிற்றைப் பிடித்தேன். "நம்ம வயித்துலயும் கத்திரி உண்டுல்லா?"

"ஏன், நக்குனியளா?"

"சேச்சே. சும்மா, அறிவுக்குக் கேட்டேன்."

"நம்ம வயிறு புளிப்பு. கண்ட எடத்துல வெட்டித் துண்டு துண்டாக்கிரும். மிஞ்சுனாலும் ஒட்ட நம்ம குடல்ல எடமில்ல. பயப்படாதிய." சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குச் சந்தேகம்தான்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நாலு வடையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய், மனைவியிடம் கத்திரிக் கதையை அளந்தேன். சோறு வேண்டாம் என்றதும் அவள் என்னைப் பாட்டில் புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"ஒங்களுக்கும் வாய் கட்டிட்டோ? அந்த மாவ நக்கித் தொலச்சியளா?"

சந்தேகம் தீர ரெண்டு தட்டுச் சோறு தின்று காட்ட வேண்டியதாயிற்று. வடைக்கு மேல் அது பெரும்பாடு.

இரண்டு நாள் கழித்துக் காட்டுக்குப் போனேன். புழுக்கள் கருத்துத் துவண்டு கிடந்தன. புதிதாக விரிந்த குருத்தில் ஓர் ஓட்டை இல்லை. ஒடித்து முகர்ந்து பார்த்தேன். வெறும் சோள வாசம்தான் வந்தது. எப்படி நம்புவது?