மாமாவின் கண்ணுக்கு மட்டும் தெரியாத பெண்

அம்மாவின் தம்பியான எங்கள் மாமாவுக்குச் செஞ்சிக் கோட்டையில்தான் பெண் பார்த்தோம். வீட்டுக்குப் போய்ப் பார்க்க அவருக்கு வெட்கம். அதனால் இரண்டு குடும்பமும் செட்டிகுளக் கரையில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வதாக ஏற்பாடு. தற்செயலாகப் போன நாங்கள் மட்டுமே ஒரு ஷேர் ஆட்டோ நிறைய இருந்தோம், புளிச்சோற்றுத் தூக்கோடு.

பெண்ணுக்கு அனந்தபுரம். காலேஜில் பிசிக்ஸ் படித்தவள். நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தாள். மாமாவோ அவள் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்தே சரியாகச் சாப்பிடவில்லை. அன்றைக்கென்று புதுக் கூலிங் கிளாஸ் வாங்கி மாட்டியிருந்தார். கழற்றினால் களை போய்விடும் என்று பயம்.

பெண் வீட்டாரும் கரைக்கு வந்து சேர்ந்ததும், எல்லோரும் படத்தில் அடங்கவேண்டுமே என்று போனைப் படுக்கைவாட்டில் பிடித்த மாமாவின் முகம் மாறிவிட்டது. "ஒண்ணுமே தெரியல, கறுப்பா இருக்குது" என்றார். அம்மா வாங்கிப் பார்த்தாள், நன்றாகவே தெரிந்தது. திரும்ப மாமா பிடித்தால் கறுப்பு. பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த எனக்கும் பளிச்சென்று தெரிந்தது. சொன்னேன். எட்டு வயதுப் பிள்ளை பேச்சை யார் கேட்டார்கள்?

பெண்ணின் பெரியம்மா எழுந்துவிட்டார்.

"எல்லார் கண்ணுக்கும் தெரியுது. கட்டிக்கப் போறவன் கண்ணுக்குத் தெரியலன்னா இன்னா அர்த்தம்? சகுனம் சரியில்ல, கெளம்புங்க."

மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்போதும் கண்ணாடியை மட்டும் கழற்றவில்லை.

அந்தப் பெண்தான் வந்து கழற்றினாள். பெரியம்மாவுக்கு மாட்டிவிட்டு, போனை நிமிர்த்திக் காட்டினாள், தெரிந்தது. படுக்கவைத்தாள், இருண்டது.

"ஜன்னல் கம்பி நடுவுல ஸ்கேலை நிமித்திப் புடிச்சா உள்ள போவும், படுக்க வெச்சா இடிக்கும் இல்ல பெரிம்மா? போன் வெளிச்சமும் ஒரே வாட்டமாத்தான் ஆடிட்டு வருது. இந்தக் கண்ணாடில கண்ணுக்குத் தெரியாத கம்பி மாதிரி ஒண்ணு இருக்குது. அவ்ளோதான், சகுனமும் இல்ல ஒண்ணும் இல்ல."

பிறகு கண்ணாடியோடே குளத்தைப் பார்க்கச் சொன்னாள். தண்ணீர்மேல் கண்ணைக் கூசவைத்த பளபளப்பும் அப்படிப் படுத்த வாட்டமாக வருவதுதானாம், கம்பியில் இடித்து நின்றுவிடுமாம். அது அடங்கி, உள்ளே மீன் ஓடுவது தெரிந்ததும் பெரியம்மா உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைத் திருப்பி வாங்குவதே பெரும்பாடாகிவிட்டது.

வீடு திரும்பும்போது ஸ்கேல் கதையை நான் வரிவிடாமல் ஒப்பித்தேன். எல்லாம் புரிந்துவிட்ட பெருமை எனக்கு. மாமா மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டிருந்தார். "பொண்ணு கடைசி வரைக்கும் பதிலே சொல்லலியேக்கா" என்றார் அம்மாவிடம். ஆமாம், சொல்லவே இல்லை என்று நானும் வருத்தத்தோடு தலையாட்டினேன். அம்மா எதற்காக எங்கள் இருவரையும் பார்த்து அப்படிச் சிரித்தாள் என்று விளங்கவில்லை. வேண்டாம் என்று நினைத்திருந்தால் அவள் பேசாமல் பெரியம்மாவோடு கிளம்பிப் போயிருக்கலாம் என்பது எனக்கும் தோன்றவில்லை, மாமாவுக்கும் தோன்றவில்லை.