கயிறு கட்டிய பன்னிரண்டு சதுரம்

என் எம்.எஸ்சி. படிப்பு வடலூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டைப்பிங் கடையில் சண்டையோடு தொடங்கியது. பி.எஸ்சி. முடித்து ஆறு வருடம் வீட்டிலிருந்துவிட்டு மறுபடி படிக்கப் போகிறவர்கள், அந்த ஆறு வருடமும் என்ன செய்தோம் என்று முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிக் கல்லூரியில் கொடுக்க வேண்டும். கடைக்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் அடிப்பதையே எனக்கும் அடித்து நீட்டினார். கடைசி வரி இப்படி முடிந்தது: "மேற்படி காலத்தில் எந்தப் படிப்பிலும் சேராமல், எந்த வேலைக்கும் செல்லாமல், வீட்டில் சும்மா இருந்தேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பக்கவாதம் வந்து படுத்த மாமியாரை நாலு வருடம் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டியவள் நான். அதற்கு நடுவில் ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்தேன். சாயங்காலம் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகப் போய்ப் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுத்தேன். பேனாவை வாங்கி அந்த வரியின் மேல் கோடு கிழித்தேன்.

"ஃபார்மாலிட்டிதாம்மா. இத யாரும் படிக்கப் போறதில்ல."

"நான் படிச்சேன்ல? மாத்தி அடிங்க."

நான் சொல்லச் சொல்ல முனகிக்கொண்டே அடித்தார். கல்லூரி அலுவலகத்தில் அதை வாங்கிய கிளார்க், "இவ்ளோ நீளமா யாரும் எழுத மாட்டாங்களே" என்றார். இவ்வளவு வேலை யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. சீட்டு மட்டும் கிடைத்தது.

நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிய எங்கள் ஊரில் எந்தப் படிப்புக்கும் ஒரே கேள்விதான்: அங்கே வேலை பெர்மனென்ட் ஆக உதவுமா, உதவாதா? என் கணவர் மைன்ஸில் கான்ட்ராக்ட்டில் ஷிப்ட் பார்க்கிறார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் சேர்த்து நாத்தனார் கேட்டாள்.

"பாட்டனி படிச்சிட்டு எந்த மெஷினு ஓட்டப் போறீங்க அண்ணி?"

"மெஷின் தோண்டிக் கொட்டுதே, அந்த மண்ண நான் பாத்துக்கறேன்."

வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். இரண்டாம் வருடம் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு கேட்டபோது அதுவே நினைவுக்கு வந்தது. நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணைத் தோண்டிக் குன்று குன்றாகக் கொட்டியிருப்பார்கள். உயிரில்லாத மண் என்று பெயர். யாரும் விதைக்காமல் அதில் தானாக என்னென்ன முளைக்கிறது என்று கணக்கெடுப்பது என் ப்ராஜெக்ட். அனுமதிக் கடிதம் வாங்கினேன். பழைய மண்மேடு ஒன்றில், மீட்டருக்கு மீட்டராகப் பன்னிரண்டு சதுரம் அளந்து, மூலைக்கு மூலை முளைக்குச்சி அடித்து, வெள்ளை நைலான் கயிறு கட்டினேன். ஐப்பசி மழைக்குக் கோரை, தும்பை, துத்தி, கொழுஞ்சி என்று வந்தன. சனிக்கிழமைதோறும் போய் ஒவ்வொன்றாக எண்ணினேன். அந்தச் சனிக்கிழமைகளில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

குடியரசு தினத்துக்கு முந்திய சனிக்கிழமை போனபோது பன்னிரண்டும் மொட்டையாகக் கிடந்தன. ஒரு புல் இல்லை. கயிற்றை ஒட்டிச் சுற்றிலும் சுண்ணாம்புப் பொடிக் கோடு வேறு. கொஞ்சம் தள்ளி, செடி வெட்டிச் சுத்தம் செய்யும் கான்ட்ராக்ட் பெண்கள் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களின் மேஸ்திரி அம்மாள் என்னைப் பார்த்ததும் பெருமையாக எழுந்து வந்தார்.

"கயிறு கட்டிக்கினு போயிருந்தியா, பெரிய ஆபீசர் யாரோ வராங்கன்னு நெனச்சோம் கண்ணு. ஒண்ணு வுடாம புடுங்கிட்டோம். நல்லாக்கீதா?"

எங்கள் ஊரில் கயிறு கட்டினால் யாரோ வருகிறார்கள் என்றுதான் அர்த்தம். உடனே புல்லைப் பிடுங்கிச் சுண்ணாம்பு போட்டுவிடுவார்கள். அப்படிக் கோடு போட்ட ரோட்டோரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக நானே வரிசையில் நின்றிருக்கிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்துவிட்டு, ஒரு அட்டை எழுதி மாட்டத் தோன்றவில்லை. மடத்தனம் என்னுடையது. அவர்களைத் திட்டவும் முடியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். விஷயம் புரிந்ததும் மேஸ்திரி அம்மாள் சாப்பாட்டைத் தொடவில்லை.

எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியை நல்லவர்தான், ஆனால் பயந்தவர்.

"பழைய பேட்ச் டேட்டா இருக்கு. அத வெச்சு எழுதிக் குடுத்துடும்மா. இல்லன்னா இந்த வருஷம் முடிக்க முடியாது."

"யாரோ எண்ணினத நான் எண்ணினேன்னு எழுத மாட்டேன் மேடம்."

"அப்போ ஒரு வருஷம் சும்மா போகும்."

அந்தச் சொல்லை அவர் சொல்லியிருக்க வேண்டாம். ஏழாவது வருடமா? இன்னொரு முத்திரைத்தாளா? முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் முளைக்குச்சிகளைப் பிடுங்கத்தான் போனேன். ஒரு சதுரத்தை விரலால் கிளறியபோது கொழுஞ்சி வேர் தட்டுப்பட்டது. பிடுங்கிய வேகத்தில் செடி கழுத்தில், தண்டும் வேரும் சேருமிடத்தில், முறிந்திருந்தது; வேர் மண்ணுக்குள்ளேயே இருந்தது. கீறிப் பார்த்தேன். ஈரமாக, பச்சையாக இருந்தது. அங்கேயே தலைப்பை மாற்றினேன்: பிடுங்கிய பிறகு இந்த மண்ணில் எது, எப்போது திரும்பி வருகிறது?

ஆறு சதுரத்தை விட்டுவிடுங்கள், மற்ற ஆறில் முளைப்பதைப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பிடுங்கித் தாருங்கள் என்று மேஸ்திரி அம்மாளிடம் கேட்டேன்.

"புடுங்காதன்னு சண்டைக்கு வருவேன்னு பாத்தா, புடுங்க சொல்றியே!" என்று சிரித்தார். ஒரு தவணைகூடத் தவறவில்லை.

முதல் மூன்று வாரம் எதுவும் வரவில்லை. பேராசிரியையிடம் போய்ப் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று காட்டினேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நாலாவது வாரம் கோரை எட்டிப் பார்த்தது. ஐந்தாவது வாரம், மாசி வெயிலில், ஒரு சொட்டு மழையில்லாமல், கொழுஞ்சி துளிர்த்தது. அன்று வண்டியை எடுத்துக்கொண்டு பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். முதல் அட்டவணையிலேயே நிறுத்தி, அந்த மூன்று பூஜ்ய வரிகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டார்.

"இந்த மூணு வாரமும் மண்ணு சும்மாதானே கெடந்திருக்கு? இத எடுத்துடுங்க. எடுத்தாதான் கையெழுத்து."

எங்கள் பேராசிரியை என்னைப் பார்த்துத் தலையாட்டினார், சரி என்று சொல் என்பதுபோல. இரண்டு வருடப் படிப்பு அந்தப் பென்சில் வட்டத்துக்குள் இருந்தது.

"எடுக்க மாட்டேன் சார். சும்மா கெடக்கல. வாரா வாரம் தோண்டிப் பாத்திருக்கேன். நாப்பத்தி ரெண்டாம் பக்கம்."

அவர் புரட்டினார். ஒவ்வொரு வாரமும் தோண்டி எடுத்த வேரின் படம், அதன் கழுத்தில் மெல்லப் பருத்துவரும் மொட்டின் அளவு, எல்லாம் அங்கே இருந்தன. நெடுநேரம் படித்தார். பிறகு, "ரப்பர் இருக்கா?" என்று கேட்டார்.

கைப்பையில் என் மகளுடைய ரப்பர் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். வட்டத்தை முழுவதும் அழித்து, தூளை ஊதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.