கிளட்ச் பிளேட்டும் என் வயிற்றெரிச்சலும்

என் மனைவியை அவளுடைய தோழி "ஏய், சீக்கிரம் வாடி" என்று கூப்பிட்ட முதல் காலையிலேயே எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்காமல் போய்விட்டது. ஜீவனஹள்ளியில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. கீழே பார்க்கிங்கில் நின்று அவள் கத்த, என் மனைவி மேலே பால்கனியிலிருந்து "இருடி, வரேன்" என்று பதிலுக்குக் கத்தினாள். இருவருக்கும் ஒரே அலுவலகம், ஒரே டீம். கல்யாணமாகி எட்டு வருடமாக என் மனைவிக்கு நான் "நீங்க". வாங்க, போங்க, சாப்பிடுங்க. அதுவரை அதைப் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன். அந்த "இருடி"யைக் கேட்டதும், மரியாதை கொடுத்தே என்னை எட்டத்தில் நிறுத்தி வைத்திருக்கிறாளோ என்று தோன்றிவிட்டது.

தோழி ஆணாக இருந்திருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். இரண்டு வீட்டிலும் நாலு பேர் என் பக்கம் பேசியிருப்பார்கள். பெண்ணாகப் போய்விட்டாள். போதாததற்கு என்னை வாய் நிறைய "அண்ணா" என்று கூப்பிட்டாள். அண்ணா என்று கூப்பிடுகிறவளைப் பற்றி யாரிடம் போய் என்ன சொல்வது?

அன்று அவள் வந்தது கார் பார்க்க. என் மனைவி தன் சம்பளத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தாள். நம் நாட்டிலேயே கொஞ்ச காலம் செய்துவிட்டு நிறுத்திய வகை. சிவப்பு நிறம், துணிக் கூரை, இரண்டே சீட்டு. உள்ளே உட்கார்ந்தால் பக்கத்தில் நிற்கும் ஆட்டோவின் சக்கரம் கண்ணுக்கு நேராகத் தெரியும். சிக்னலில் பைக்காரர்கள் குனிந்து பார்த்து "சகத்தாகிதே குரு", பிரமாதம் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போவார்கள். இரண்டே சீட்டு என்பதுதான் எனக்குச் சனியாக வந்தது. தினமும் காலையில் என் மனைவி நீலசந்திராவில் தோழியை ஏற்றிக்கொண்டு அலுவலகம் போனாள். செவ்வாயும் வியாழனும் மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால் அந்த இரண்டு நாள் மட்டும் கார் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கி வருவோம். வாரத்தில் எனக்குக் கிடைத்த சவாரி அவ்வளவுதான்.

இவ்வளவுக்கும் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே நான். கல்யாணமான புதிதில், என்னுடைய பழைய காரில், பக்கத்தில் உட்கார்ந்து விடாமல் திட்டுவேன். "கிளட்ச்சுல கால வைக்காத. கியர் மாத்தினியா, காலை எடு. எத்தன தடவ சொல்றது?" அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொள்வாள். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் கார் என்றால் நான்தான்.

ஒரு வியாழக்கிழமை ஹெப்பாள் மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க எஞ்சின் மட்டும் கதறியது, வண்டி நகர மாட்டேன் என்றது. கருகல் வாடை வேறு. எப்படியோ உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். மனைவி கதவைத் திறந்ததும் யோசிக்கக்கூட இல்லை, வாயில் வந்ததைச் சொன்னேன். "கிளட்ச் போச்சு. நீ கால வச்சுக்கிட்டே ஓட்டுற. நான் அன்னைக்கே சொல்லல?"

அவள் மறுத்துப் பேசுவாள் என்று நினைத்தேன். "அப்படியா? எனக்கே தெரியாம வெக்கிறேன் போல" என்றாள். மறுநாளிலிருந்து அவள் காரைத் தொடவில்லை. இன்னும் கெடுத்துவிடுவோமோ என்று பயந்து, பார்க்கிங் மூலையில் தூசி படிந்து கிடந்த ஸ்கூட்டரைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள். தோழி பஸ்ஸில் போனாள். எனக்கு அப்போது ஏற்பட்டது சந்தோஷம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் சந்தோஷம்தான். செவ்வாயும் வியாழனும் மட்டும், வேறு வழியில்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, அந்த நொண்டி வண்டியை நானே ஓட்டிப் போனேன்.

இப்படியே மூன்று வாரம் போனது. பிறகு வண்டி சமதரையிலும் வழுக்க ஆரம்பித்ததும் ஆடுகோடியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "ஒரு ரவுண்டு ஓட்டுங்க சாப்" என்றார். இரண்டு தெரு தாண்டியதும் சிரித்தார்.

"சாப், உங்க லெஃப்ட் காலு எங்கே கீது பாருங்க."

பார்த்தேன். பெடல் மேல் இருந்தது. சொகுசாக, பாதம் முழுக்கச் சாய்ந்து படுத்திருந்தது. நான் வைத்ததாக எனக்கு நினைவே இல்லை.

"ஏத்தத்துல நின்னா என்னா பண்றீங்க? ஹேண்ட் பிரேக் போடுவீங்களா?"

போட மாட்டேன். மேட்டில் ஹேண்ட் பிரேக் போடுவது புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் செய்வது என்று ஒரு திமிர் எனக்கு. ஹெப்பாள் ஏற்றத்தில் பாதிக் கிளட்ச்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தி, அங்குலம் அங்குலமாக ஊர்ந்து போவதைப் பெரிய வித்தையாக நினைத்திருந்தேன். ஒன்றரை வருடமாக வாரம் இரண்டு நாள் அந்த வித்தையைக் காட்டித்தான் கிளட்ச்சைத் தின்றிருக்கிறேன்.

"உட்டுட்டுப் போங்க சாப், ரெண்டு நாள்ல முடிச்சுக் குடுக்குறேன்" என்றார் அவர். எனக்கு உயிர் வந்தது. பழைய பிளேட்டை எனக்குத் திருப்பித் தர வேண்டாம், அப்படியே தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்தார். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சனிக்கிழமை கொண்டுவருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன்.

வீட்டில் சாப்பாட்டு மேசை மேல் புது கிளட்ச் பெட்டி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் தோழியும் உட்கார்ந்திருந்தாள். நாங்களே மாற்றப் போகிறோம் என்றாள் மனைவி. நீலசந்திராவில் தோழி இப்போது விற்றுவிட்ட தன் பழைய காருக்கு ஏற்கெனவே இரண்டு முறை கிளட்ச் மாற்றியிருக்கிறாளாம்.

"மெக்கானிக் இருக்கும்போது எதுக்கு இந்த வேல? கியர்பாக்ஸ எறக்கணும், வெளையாட்டா?" என்றேன்.

"மெக்கானிக்கு மாத்திக் குடுத்துருவாருண்ணா. ஆனா ஏன் போச்சுன்னு இவளுக்குத் தெரிய வேணாமா? பாவம், தன்னாலதான்னு தெனமும் பொலம்புறா" என்றாள் தோழி.

அதுதான் எனக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? கை நசுங்கும், எஞ்சின் கீழே விழும், வீட்டுக்காரர் கத்துவார் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். இத்தனை அக்கறை உங்களுக்கு எப்போதிலிருந்து என்பதுபோல் மனைவி பார்த்தாள்.

சனிக்கிழமை காலை ஆரம்பித்தார்கள். காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். பேட்டரியைக் கழற்றினார்கள். கியர் ஆயிலைப் பழைய பேசின் ஒன்றில் வடித்தார்கள். வீட்டுக்காரர் வந்து, "ஏனம்மா, நெலத்துல எண்ணெ ஆகுதே" என்று கன்னடமும் தமிழுமாக முனக, என் மனைவி கன்னடத்திலேயே இரண்டு வார்த்தை சொல்லி அவரைச் சிரிக்க வைத்து அனுப்பினாள். நான் மாடிக்கும் கீழுக்கும் டீ சுமந்தேன். இரண்டு பேரும் காருக்கு அடியில் தோளோடு தோள் படுத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்தது நான்கு கால்களும் சிரிப்புச் சத்தமும்தான்.

"பதினாலு ஸ்பேனர் குடுடி" என்றாள் என் மனைவி.

தோழி எதையோ எடுத்து நீட்டியிருக்க வேண்டும். "இது பதிமூணு, கழுத."

கழுதை! என்னை அவள் ஒரு நாளும் கழுதை என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஆடித் தீர்த்திருப்பேன் என்பது வேறு விஷயம். ஆனால் அந்த நிமிடம் அந்தக் கழுதையாக நான் இருக்கக் கூடாதா என்று வயிறு எரிந்தது. என் மனைவிக்குப் பதினாலுக்கும் பதிமூன்றுக்கும் வித்தியாசம் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். டீ குடிக்கத் தலையை வெளியே நீட்டியபோது அவள் கன்னத்தில் கிரீஸ் அப்பியிருந்தது. அவள் அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. அந்த அழகு எனக்காக வந்ததில்லை என்பதுதான் பொறுக்கவில்லை.

"நானும் ஒரு கை பிடிக்கட்டுமா?" என்றேன்.

"வேணாங்க, சட்ட அழுக்காயிடும்" என்றாள் உள்ளேயிருந்து. போங்கள் என்பதைத்தான் அப்படிச் சொன்னாள்.

மதியத்துக்குள் கியர்பாக்ஸைப் பழைய டயர் மேல் இறக்கிவிட்டார்கள். பிறகு சுற்றிலுமிருந்த போல்ட்டுகளைக் கழற்றிப் பிளேட்டை வெளியே எடுத்தார்கள். வெளிச்சத்துக்கு வந்து இருவரும் தரையில் உட்கார்ந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நான் டம்ளர்களைப் பொறுக்குவதுபோல் அங்கேயே நின்றேன். பிளேட் ரிவெட் வரை தேய்ந்து, பளபளவென்று கருகிப்போயிருந்தது. பெடலை மிதித்தால் கிளட்ச்சைப் போய் அழுத்தும் பேரிங்கைத் தோழி கையில் எடுத்துச் சுற்றினாள். மணல் அரைவதுபோல் சத்தம் வந்தது.

"கேட்டியா? பெடல்ல கால வச்சே ஓட்டுனாத்தான் பேரிங் இப்படி ஆவும்" என்றாள்.

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான்டீ. அவர் மொதல்லயே சொன்னாரு. நான்தான் கேக்கல."

"நீ இல்ல."

"நான்தான்டீ. எனக்கே தெரியாம வெக்கிறேன்."

"லூசு, நீ இல்லங்கிறேன். ஒன்றர வருஷமா உன் பக்கத்துல உக்காந்து வரேன். கியர் மாத்துன ஒடனே கால எடுத்துத் தரையில வச்சிருவ. சிக்னல்ல நின்னா நியூட்ரல் போட்டு, கட்ட விரலால செருப்ப நிமிண்டிக்கிட்டே இருப்ப. உன் காலு எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அந்த ஒன்றரை வருட ஞாயிற்றுக்கிழமைகளில் நானும்தான் அதே சீட்டில் உட்கார்ந்து வந்தேன். அவள் செருப்பை நிமிண்டுவது எனக்குத் தெரியாது. கீழே குனிந்து ஒரு தடவைகூடப் பார்க்காமல் அவள் கால் மேல் பழியைப் போட்டேன்.

தோழி என்னைப் பார்க்கவில்லை. பேரிங்கை அநாவசியமாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. என் மனைவிக்கும் புரிய ஆரம்பித்தது, முகத்தில் தெரிந்தது. அதற்கு மேல் தாங்கவில்லை.

"நான்தான்" என்றேன். "ஆடுகோடி மெக்கானிக் சொன்னாரு. ரெண்டு நாளாத் தெரியும்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் பிளேட்டைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணு வாரமா நான் ஸ்கூட்டர்ல போனேன். ரெண்டு நாள் மழையில நனஞ்சு வந்தேன். பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். துவட்டிக்கொள்ளத் துண்டுகூட எடுத்துக் கொடுத்தேன். அப்போது எனக்கு மெக்கானிக் சொன்ன உண்மை தெரியாதுதான். ஆனால் அவள் நனைந்து வந்தபோது, அந்தத் தோழியும் எங்கேயோ பஸ்ஸுக்கு நின்று நனைந்திருப்பாள் என்று உள்ளுக்குள் மகிழ்ந்திருந்தேன். இதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. "மன்னிச்சிரு" என்று மட்டும் சொன்னேன். அவள் புதுப் பிளேட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, எந்தப் பக்கம் உள்ளே போக வேண்டும் என்று தோழியிடம் கேட்டாள். வேலை தொடர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாவற்றையும் மாட்டி முடித்தார்கள். ஓட்டிப் பார்க்க இருவரும் கூரையை மடக்கிவிட்டுக் கிளம்பினார்கள். நான் கேட்டைத் திறந்துவிட்டேன். தெருமுனை திரும்பும்வரை அவர்கள் சிரிப்பு கேட்டது. அப்போதும் எனக்கு எரிந்தது. ஒப்புக்கொண்டுவிட்டால் பொறாமை போய்விடும் என்று யார் சொன்னது?

மறுநாள் காலை நான் ஆட்டோ பிடிக்கச் செருப்பை மாட்டும்போது, மனைவி கார்ச் சாவியை நீட்டினாள். "இன்னிக்கு நீங்க ஓட்டுங்க. என்ன ஆபீஸ்ல விட்டுட்டுப் போங்க. அவ பஸ்ல வந்துக்குவா, சொல்லிட்டேன்."

எனக்கு நம்ப முடியவில்லை. திங்கட்கிழமைக் காலையில், அந்தச் சிவப்புக் காரில், நானும் அவளும் மட்டும். காக்ஸ் டவுன் தாண்டியதும் ஏதாவது பேசலாம் என்று அவள் பக்கம் திரும்பினேன். கோபமாக இல்லை. சிரிக்கவும் இல்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை வருடமாக அவள் கண் என் மேல் இருக்க வேண்டும் என்று ஏங்கியிருந்தேன். இருந்தது. அலுவலக வாசல் வரும்வரை அவள் என் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.